பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

'பார்' என்ற வினையோடு 'கொள்' சேர்ந்தவுடன் கண்ணின் வேலை பொறுப்பாகிவிடுகிறது. குழந்தையைப் பார் என்பது வேறு, குழந்தையைப் பார்த்துக்கொள் என்பது வேறு. ஹோட்டல்களில் காமிரா பொருத்துகிறவர்கள் இரண்டாவதைச் செய்வதாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் இருப்பதோ முதலாவதற்கான கருவி. இடையில் உள்ள தூரத்தை அளக்க முயல்வதே இங்கு என் உத்தேசம்.

ஒரு மாவட்டத் தலைநகரில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மூன்றாம் நாள் காலை சாவியைக் கொடுக்கப்போனபோது மானேஜர் கேட்டார்: "ராத்திரி தூங்கலையா சார்? ரெண்டு மணிக்கு வராந்தாவிலே நடந்துக்கிட்டே இருந்தீங்களே." அவர் கைப்பக்கத்தில் ஒரு திரை. அதில் பதினாறு கட்டங்கள். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். படியிறங்கும்போது எனக்குள் நன்றியும் கூச்சமும் சம அளவில் இருந்தன. நன்றிக்குக் காரணம் தெரிகிறது. கூச்சம் ஏன்?

அந்தரங்கம் என்ற சொல்லை இங்கு கொண்டுவந்தால் விசாரணை சுலபமாக முடிந்துபோகும். ஆனால் பொய்யாக முடியும். வராந்தா எவருடைய அந்தரங்கமும் அல்ல. 'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்' என்ற வாதமும் பொருந்தவில்லை. நான் தப்பு செய்யவில்லை, பயப்படவும் இல்லை. காமிரா இல்லாத காலமாக இருந்தால் மாடிப்படியருகே பாயில் படுத்திருக்கும் ரூம்பாய் என்னைப் பார்த்திருப்பான். ஆனால் நானும் அவனைப் பார்த்திருப்பேன். அவன் எழுந்து உட்கார்ந்திருப்பான், நான் நடையைத் தளர்த்தியிருப்பேன். ஒருவேளை பேசியிருப்போம், ஒருவேளை அவன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். என் துக்கம் பார்க்கப்பட்டதில் கூச்சமில்லை. பார்த்தவரை நான் பார்க்க முடியாமல் போனதில்தான் கூச்சம்.

வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை அனிச்சப்பூவில் கொண்டுபோய் முடிக்கிறார். விருந்தினன் வாடுவதற்கு, உபசரிப்பவனின் முகம் சற்று மாறுவதே போதும். அங்கே பார்வைக்கு ஒரு முகம் உண்டு, அந்த முகமும் விருந்தினனால் படிக்கப்படுகிறது. குறளின் 58-ஆம் அதிகாரம் கண்ணோட்டம். 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். கண் ஓடுவதையே இரக்கத்தின் பெயராக வைத்த மொழி இது. அந்த இரக்கத்தில், கண்டும் காணாததுபோல் விடுகிற குணமும் அடக்கம். அடுத்த அதிகாரத்திலேயே ஒற்றன் மன்னனின் கண்ணாகிறான். இரண்டும் அரசனுக்கே வேண்டியவை என்பதுதான் சிக்கல். காமிராவால் ஒற்றாட முடியும். கண்டும் காணாதிருக்க முடியாது.

தங்க வந்தவனைக் காப்பது விடுதிக்காரனின் கடமை என்பது புதிய கருத்தல்ல. இந்தியாவில் 1867-ல் வந்த சராய்கள் சட்டம், தங்குவோரின் பாதுகாப்புக்குப் போதிய காவலாட்களை வைக்கும்படி சத்திரக்காரனுக்கு விதித்தது. கடமை அதேதான். காவலாளியின் முகம் மட்டும் போய்விட்டது.

2010 ஜனவரி 19-ல் துபாய் ஹோட்டல் ஒன்றில் ஹமாஸ் தளபதி மஹ்மூத் அல்-மப்ஹூ கொல்லப்பட்டார். டென்னிஸ் உடையில் இருவர் லிஃப்டிலிருந்து அவரைப் பின்தொடர்ந்து அறையைத் தெரிந்துகொண்டது வரை காமிராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தன. எதிர் அறையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொலை மட்டும் பதிவாகவில்லை. அது கதவுக்குப் பின்னால் நடந்தது. பிணம் மறுநாள்தான் கண்டெடுக்கப்பட்டது. பிறகு போலீஸ் அந்தத் துண்டுகளைக் கோத்து உலகத்துக்குக் காட்டியது. காமிரா சாட்சியாக இருந்தது, காவலாக இருக்கவில்லை.

சரி, கதவைத் தாண்டினால்? தென்கொரியாவில் 10 நகரங்களில் 30 விடுதிகளின் 42 அறைகளில் ஒளித்துவைத்த காமிராக்கள் சுமார் 1,600 பேரைப் படம்பிடித்து இணையத்தில் நேரடியாகக் காட்டின என்று 2019 மார்ச்சில் போலீஸ் அறிவித்தது. தொலைக்காட்சிப் பெட்டியிலும் சுவர் பிளக்கிலும் அவை இருந்தன. வராந்தாக் காமிராவுக்கும் இதற்கும் ஜாதி வேறல்ல. நடுவில் இருப்பது ஒரு கதவு. அந்தக் கதவை மதிப்பது லென்ஸின் குணமல்ல, மனிதனின் குணம்.

பெந்தம் 1791-ல் வெளியிட்ட சிறைத் திட்டத்தை இங்கே எல்லோரும் நினைவுகூர்வார்கள். ஆனால் விருந்தினன் கைதியல்ல. காசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். போகமுடியாதவன் சர்வர். அந்த யோசனையே முதலில் பெந்தமின் தம்பி சாமுவேல் ருஷ்யாவில் தொழிலாளரை மேற்பார்வையிட வகுத்ததுதான் என்பது தற்செயலல்ல. நம் ஊர் ஹோட்டல்களிலும் காமிரா கல்லாவையும் சர்வரின் கையையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிழவர் ஒருவருக்குக் கேட்காமலே இன்னொரு வடையை வைத்துவிட்டு பில்லில் எழுதாமல் விடுகிற கை அது. கணக்கில் அது திருட்டு. திருட்டையும் கருணையையும் பிரித்தறிய அந்தக் கையின் சொந்தக்காரனைத் தெரிந்திருக்க வேண்டும். அவனைத் தெரிந்துகொள்ளும் சிரமத்தைத் தவிர்க்கத்தான் முதலாளி காமிரா வாங்குகிறார்.

இத்துடன் முடித்திருந்தால் காமிராவுக்கு எதிரான வழக்கமான குற்றப்பத்திரிகையாகியிருக்கும். ஆனால் கடைசி நாள், கணக்குத் தீர்க்கும்போது, ஏன் என்னைக் கவனித்தீர்கள் என்று மானேஜரைக் கேட்டேன். "ஒத்தை ஆளா ரூம் போட்டவங்க தூங்காம நடந்தா எங்களுக்குப் பயம் சார். போன வருஷம் ஒருத்தர்..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, "ரெண்டு தடவை மேலே வந்தேன். உள்ளே நீங்க இருமுற சத்தம் கேட்டுது. திரும்பிட்டேன்" என்றார்.

திரையில் என்னைக் கண்டது பார்த்தல். மூட்டுவலிக்காரர் இரண்டு மாடி ஏறி வந்தது பார்த்துக்கொள்ளல். கதவைத் தட்டாமல் திரும்பியது கண்ணோட்டம். முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் அன்று நடந்திருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முதலாவதிலிருந்து மற்ற இரண்டும் தாமாகப் பிறப்பதில்லை. அவர் ஏறிய படிகள் காமிராவோடு சேர்ந்து விலைக்கு வருவதல்ல.

கூச்சம் முழுவதும் போகவில்லை. என் நடை அந்தப் பெட்டியில் இன்னும் சில நாட்கள் இருந்திருக்கும். படி ஏறாத எவரும் அதைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.