மானியமும் மானமும்

"சர்க்காரிடம் பணம் வாங்கிப் பொதுத்தொண்டு செய்யலாமா?" என்னும் கேள்வி நம்மவர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. எழுந்தவுடன் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. ஒரு கட்சியார், "கை நீட்டியவன் வாய் திறக்க முடியாது; சுயமரியாதை உள்ளவன் மானியத்தைத் தொடமாட்டான்" என்கிறார்கள். மற்றக் கட்சியார், "வருகிற பணத்தை வேண்டாமென்பது பேதைமை, நாம் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கிக்கொண்டு போவான்" என்கிறார்கள். முன்னவர் மானத்தைப் பேசுகின்றனர்; பின்னவர் மானியத்தைப் பேசுகின்றனர். இவ்விரண்டுக்கும் மெய்யாகவே பகை உண்டா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, மானியமாக வரும் பணம் யாருடையது? பழந்தமிழ் நாட்டில் அரசர்கள் கோயிலுக்கும் பார்ப்பனர்க்கும் இறையிலியாக நிலங்களை விட்டார்கள். கல்வெட்டில் அரசன் பெயர் நிலைத்தது. அந்நிலத்தை உழுது நெல்லாக்கியவன் பெயரை யாரும் பொறிக்கவில்லை. கொடுத்தவன் அரசன் என்ற எண்ணம் அன்றே நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. மலாயாவில் வெள்ளையர் ஆட்சியின்போது சர்க்கார் வருமானத்தில் ஏற்றுமதித் தீர்வை பெரியதொரு பங்கு. அத்தீர்வையைப் பிறப்பித்த ரப்பர்ப் பாலைச் சீவி எடுத்த கைகள் யாருடையவை? இக்காலத்திலும் அப்படியே. 2015 முதல் 2018 வரை இந்நாட்டில் நடைமுறையிலிருந்த சரக்கு சேவை வரியை, வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் பெறாத தோட்டத் தொழிலாளியும் கடையில் காசு கொடுத்தபோதெல்லாம் கட்டினான். ஆகவே சர்க்கார் கருவூலம் ஒரு தனவந்தரின் இரும்புப் பெட்டியன்று. அதில் நம் காசும் கிடக்கின்றது. நம் காசு நம்மிடம் திரும்பி வருவதை வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை.

இழிவில்லை என்பதோடு நில்லாமல், இழிவென்று எண்ணுவதால் நேர்ந்த கேட்டையும் சொல்ல வேண்டும். உரிமையாக வரவேண்டியது தயவாக வரும்போது, அரைகுறையாகவே வரும். மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று விதித்தது. பள்ளிகள் வந்தன, ஆனால் பல இடங்களில் அவை கொட்டகைகளாகவே இருந்தன, கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் வாத்தியாராக இருந்தார். சட்டத்துக்குப் பள்ளி இருந்தது. பிள்ளைக்குப் படிப்பு இல்லை. சுதந்திரத்துக்குப் பின்னும் நம் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை முழு உதவியின்றிப் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றன. ஆசிரியர்க்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கும். நிலம் பிறர்க்குரியதாகையால், கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் தோட்ட நிர்வாகத்தையும் நன்கொடையாளரையும் நெடுங்காலம் எதிர்நோக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் படிப்பு ஒருவருடைய நன்மனத்தைப் பொறுத்ததாக இருக்கலாமா? கல்வி, மருத்துவம் போன்றவை சர்க்காரின் கடமைகள். அவற்றுக்கான பணத்தைத் தலை நிமிர்ந்து கேட்பதே மானம்.

நிற்க. இதுவரை சொன்னது எளிது. மேற்கொண்டு சொல்லப்போவது எனக்கே கசப்பானது.

செடெனாக் வட்டாரத்தில் தோட்டமொன்றின் அலுவலகத்தில் யான் கிராணி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து வாலிபர் சிலர் கூடிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பொன்றைத் தொடங்கினோம். வீட்டுக்கு மாதம் மூன்று வெள்ளி. ஆறாம் படிவம் முடித்த தோட்டத்துப் பெண் ஒருத்தி பாடம் சொல்லிக்கொடுத்தாள். மாதக் கடைசியில் ஆயாக்கள்கூட வந்து, "என் பேரன் ஒழுங்காக வருகிறானா? காசு எதற்குச் செலவாயிற்று?" என்று கேட்பார்கள். கேட்பது தொல்லையாகவே எனக்குத் தோன்றிற்று.

பின்பு சர்க்கார் அலுவலகம் ஒன்றிலிருந்து மானியம் கிடைத்தது. விண்ணப்பத்தில் நாற்பது பிள்ளைகள் என்று எழுதியிருந்தோம். பணம் வந்த மாதத்திலேயே வீட்டு வசூலை நிறுத்திவிட்டோம். ஏழைகளிடம் இனி ஏன் வாங்க வேண்டும் என்பது எங்கள் பெருந்தன்மை. பெரிய துணிப் பதாகை வந்தது; பெயர் அச்சடித்த சட்டைகள் வந்தன; திறப்பு விழாவும் விருந்தும் புகைப்படமும் நடந்தன. வகுப்புக்கு வந்த பிள்ளைகளோ இருபத்து மூவர். ஆண்டு முடிவில் அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில், வருகை எண்ணிக்கை என்ற கட்டத்தில் நாற்பது என்று எழுதியவன் யானே. ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. விண்ணப்பமும் அறிக்கையும் ஒத்திருக்க வேண்டுமென்பதே என் நினைவாக இருந்தது.

நாள்தோறும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் குறிப்பது என் தொழில். வேலைக்கு வராதவனுக்குச் செக்ரோலில் பேர் போட்டால் அது திருட்டு என்று எனக்குத் தெரியும். அன்றே வேலை போய்விடும். வகுப்புக்கு வராத பிள்ளைக்குப் பேர் போட்டால் மட்டும் அது பொதுத்தொண்டாகிவிடுமா?

அடுத்த ஆண்டு மானியம் வரவில்லை. வகுப்பு நின்றது. மறுபடியும் மூன்று வெள்ளிக்காக வீடு வீடாகச் சென்றோம். மூன்று வீட்டார்தாம் கொடுத்தார்கள். செம்பனைப் பழம் பொறுக்கி வாழ்ந்த மூதாட்டி ஒருவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, நான் காசு கொடுத்த காலத்துல கேள்வி கேட்டேன், நீங்களும் பதில் சொன்னீங்க. சர்க்கார் காசு வந்த பிறகு கேட்க எனக்கு வாய் வரல. கொடுத்தவங்கதானே கணக்குக் கேட்கணும்?"

அவர் சொன்னதில் பாதி பிழை, பாதி உண்மை. சர்க்கார் காசும் அவருடைய காசே என்பதை அவர் அறியவில்லை; அது பிழை. ஆனால் அதை அவருக்கு அறிவிக்க வேண்டியவர்கள் நாங்கள் அல்லவா? அறிவித்தால் கேள்வி வரும் என்பதனாலேயே மௌனமாக இருந்தோம். அவருடைய மூன்று வெள்ளியைத் தள்ளியபோது, அதனோடு அவருடைய கேட்கும் உரிமையையும் தள்ளிவிட்டோம். மானியத்தால் மானம் போவது இவ்விடத்தில்தான். வாங்கும் கையினால் அது போவதில்லை; யாருக்காக வாங்கினோமோ அவர்க்குக் கணக்குச் சொல்லாத வாயினால் போகின்றது.

கணக்கைப் பற்றித் தமிழர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, இன்றும் உள்ளன. குடவோலை முறையைக் காட்டிப் பெருமை பேசாத மேடை இல்லை. அந்தச் சபை நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பார்ப்பனர் சபை என்பதையும், நம் போன்றார்க்கு அதில் நிற்க இடமே இருந்திராது என்பதையும் மேடைப் பேச்சாளர் மறந்துவிடுகின்றனர். ஆயினும் அதிலுள்ள விதியொன்று நமக்கு வேண்டுவது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடியும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இவ்விதியை நம் சங்கங்களில் நடைமுறைப்படுத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும்! 1920-களில் சென்னையில் நீதிக்கட்சி ஆட்சியார் கோயில் சொத்துகளை மேற்பார்க்கச் சட்டம் செய்தபோது, மதம் போயிற்று என்று கூக்குரலிட்டவர் பலர். கணக்குக் கேட்டவுடன் தர்மம் அழிந்தது என்று அலறும் வழக்கம் கோயில்களோடு நின்றுவிடவில்லை. சீர்திருத்தம் பேசும் நம் சங்கங்களிலும் அது உண்டு.

இந்நாட்டு இந்தியர் நலனுக்கென 2014-ஆம் ஆண்டில் பிரதமர் துறையின்கீழ் செடிக் அமைப்புத் தோன்றியது. 2018-ஆம் ஆண்டில் அது மித்ரா எனப் பெயர் மாறியது. ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி என்ற ஒதுக்கீடு நம்மில் யாவரும் அறிந்த தொகை. 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஊழல் தடுப்பு ஆணையம் அம்மானியங்களைப் பற்றி விசாரித்துச் சிலரைக் கைதும் செய்தது. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்பது நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை வேறு. எங்கோ ஓர் ஆணையம் வந்து விசாரிக்கும்வரை, பணம் யாருக்காக வந்ததோ அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தது எப்படி? எங்கள் வகுப்பில் பதினேழு பிள்ளைகளை யான் காகிதத்தில் பெற்றெடுத்தபோது, என்னை ஒருவரும் கேட்காமல் இருந்தது எப்படியோ, அப்படியே.

கேட்கும் பழக்கம் கொடுக்கும் பழக்கத்தோடு வளர்கின்றது. 1950-களில் மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். பல்கலைக் கழக வாயிலையே காணாத தோட்டத் தொழிலாளரும் அதற்குக் கொடுத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களுக்கு உடையவராயினர். கட்டினவன் பங்குதாரன், பங்குதாரனுக்குப் பேச உரிமை உண்டு.

"அப்படியானால் எல்லாவற்றையும் ஏழையே கொடுக்கட்டும் என்று சர்க்கார் ஒதுங்கிக்கொள்ளுமே!" என்று ஒருவர் தடுக்கலாம். நேர்மையான தடை. ஆகையினாலேயே மேலே சர்க்காரின் கடமையைப் பிரித்துச் சொன்னேன். பள்ளிக் கூரைக்கு ஏழையிடம் உண்டியல் நீட்டுவது அநீதி. யான் சொல்லும் சிறு காசு, சர்க்கார் பணத்துக்குப் பதிலாக அன்று. அதனோடு சேர்ந்து நிற்பது. செலவைத் தாங்குவதற்காக அன்று, கேள்வியைத் தாங்குவதற்காக. காசு கொடுக்க இயலாதவனிடம் அரை நாள் உழைப்பை வாங்கலாம். அதுவும் இயலாதவனுக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டென்று அவனிடமே சொல்லலாம்.

ஆகவே மானியம் பெறும் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. சங்கப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் கணக்கு அனுப்புகிறோம், சட்டம் கேட்கின்றது. மானியம் கொடுத்த அலுவலகத்துக்கும் அறிக்கை அனுப்புகிறோம். இவ்விரண்டுக்கும் முன்பாக, அதே கணக்கைத் தமிழில் எழுதி, லயத்து மக்கள் கூடும் இடத்தில் உரக்கப் படிக்க வேண்டும். வந்த பிள்ளைகள் இருபத்து மூவர் என்றால் இருபத்து மூன்று என்றே எழுத வேண்டும். அதனால் அடுத்த மானியம் போனால் போகட்டும்.

இன்று செடெனாக்கில் செம்பனை நின்ற மண்ணில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்துவிட்டது. உலகத்தார் கணக்குகளையெல்லாம் சேமித்து வைக்கும் பெருங்கட்டடங்கள் அங்கே வருகின்றன. எங்கள் தோட்டத்து மாலை வகுப்பு சென்ற ஆண்டு மறுபடியும் தொடங்கிற்று. முதல் நாளில், பழைய அறிக்கையில் யான் எழுதிய நாற்பதைப் பெற்றோர் முன்னிலையில் இருபத்து மூன்று என்று திருத்திச் சொன்னேன். அந்த அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பினேன். இப்போது பிள்ளைகள் பத்தொன்பது பேர். வீட்டுக்கு இரண்டு வெள்ளி. மானியத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். மாதக் கடைசியில் அம்மூதாட்டி வருகிறார்; கேட்கிறார்; யான் பதில் சொல்லுகிறேன்.