அறியாப் பருவமும் அறிவிக்கும் கடமையும்

பத்து வயதுச் சிறார் அமர்ந்திருக்கும் வகுப்பில் பருவமடைதல் பற்றிப் பேசலாமா? பிஞ்சு உள்ளத்தில் வேண்டாத எண்ணங்களை அது விதைத்துவிடும் எனப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. நாணத்தை ஈமானின் ஒரு கிளையாகப் போற்றும் சமுதாயம் நம்முடையது. ஆயினும் நாணம் என்பது வாய்மூடி இருத்தல்தானா?

ஃபிக்ஹுக் கிதாபுகளைத் திறந்தால் முதற்பாடமே தூய்மைதான். குளிப்பைக் கடமையாக்குபவை யாவை, ஹைளு என்பது யாது என்பனவெல்லாம் தொழுகைப் பாடத்திற்கு முன்பே வருகின்றன. நம் முன்னோர் இவற்றை ஒளித்து வைக்கவில்லை. பெண்களின் உறக்க ஸ்கலிதம் பற்றி உம்மு ஸுலைம் (ரலி) நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் வினவினார்கள். மார்க்கத்தை அறிய நாணம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள்.

வயது போதாது என்பாரும் உளர். ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளு வருவதற்குரிய குறைந்த வயது ஏறத்தாழ 9 சந்திர ஆண்டுகள். ஆங்கிலக் கணக்கில் அது எட்டே முக்கால். பெண்மக்களிடம் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்மக்களிடம் 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குதல் இயல்பு என்கிறது இன்றைய மருத்துவம். எனவே பத்து வயது சிலருக்குப் பிந்திய வயதே ஆகும்.

பாலிகான நாள் முதல் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. அந்நாளை அடையாளங் காணக் கற்பிக்காமல் கடமையை மட்டும் சுமத்துவது நீதியாகுமா? ஹைளு நாள்களில் விடுபட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. விடுபட்ட நோன்பையோ கழாச் செய்தாக வேண்டும். இதனை அறியாத பெண்பிள்ளை ஆண்டுக்கணக்கில் நோன்புக் கடனைச் சுமக்கிறாள். முதல் உதிரத்தைக் கண்டு கொடிய நோயென்று அழும் சிறுமியும், உறக்கத்தில் நேர்ந்ததைப் பாவமென்று எண்ணி நடுங்கும் சிறுவனும் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். உறங்குவோர் விழிக்கும் வரை அவர்கள்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. அச்சிறுவனுக்குக் குளிப்புத்தான் கடமை, பாவம் ஏதுமில்லை. இதை முன்கூட்டிக் கேட்டிருந்தால் அவன் எத்துணை ஆறுதல் பெற்றிருப்பான்!

இன்னொன்றும் உண்டு. தன் உடலைப் பற்றிப் பேசவே கூசும் குழந்தை, தீயோர் கை தன்மீது பட்டால் எந்தச் சொல்லால் முறையிடும்? அங்கே நம் மௌனம் தீயோனுக்கே துணையாகிறது.

எல்லாவற்றையும் எல்லார் முன்னிலையிலும் கூறுக என நாம் சொல்லவில்லை. முதல் உரிமை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் உரியது. அவர்கள் நா எழாத வீடுகளே மிகுதி. ஆதலால் வகுப்பு அவசியமாகிறது. ஆண்பிள்ளைகளுக்கு உஸ்தாதும் பெண்பிள்ளைகளுக்கு ஆலிமாவும் தனித்தனியே கற்பிக்கட்டும். உடலின் மாற்றம், தூய்மை, வணக்கத்தின் சட்டம், தற்காப்பு ஆகிய நான்கும் இவ்வயதுக்குப் போதும். மணவாழ்வைப் பற்றியவை உரிய பருவத்திற்குக் காத்திருக்கலாம்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வரும் ரமழானுக்கு முன்னரேனும் பெற்றோரும் உஸ்தாதுமாரும் கலந்து பேசி இப்பாடத்தைத் தொடங்குவார்களாக.