பாடியது யார்?

ஒரு கவிஞர் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்கிறார். அதே பாட்டுகளில், பாடியது தாம் இல்லை என்றும் சொல்கிறார். எதை நம்புவது?

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழி, அதாவது ஒன்பதாம் பதிகம், இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது. திருமால் ஆழ்வாருக்குள் புகுந்து, ஆழ்வாரின் நாவைக் கொண்டு தன்னையே தமிழில் பாடிக்கொண்டானாம். பெரிய பெரிய கவிகள் இருக்க, அவர்களை விட்டு இவரிடம் ஏன் வந்தான்? அதை எண்ணி எண்ணி உருகுகிறார். கைம்மாறாக உயிரையே கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறார். யோசித்தால் அந்த உயிரும் அவனுடையதாகவே இருக்கிறது! கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாதவரின் தவிப்பு அது. பத்துப் பாசுரம் இப்படி. பதினோராவதில், இவை குருகூர்ச் சடகோபன் சொன்னவை என்று வழக்கம்போல அவர் பெயர் விழுகிறது.

'அவன் பாடினான்' என்றால் பாடுபடாமல் வந்த பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1102 பாசுரங்களும் அந்தாதி. ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். கடைசிப் பாசுரம் சுற்றி வந்து முதல் பாசுரத்தைத் தொட வேண்டும். நடுவே யாப்பு மாறுகிறது. 27 திருவாய்மொழிகளில் பேசும் குரலே மாறி, மகளாக, தாயாக, தோழியாக ஒலிக்கிறது. சரம் மட்டும் அறுவதில்லை. தேர்ந்த காது இல்லாமல் இது ஆகாது. அந்தக் காதைத் தந்தவன் யார் என்பதில்தான் ஆழ்வார் நிற்கிறார். அதனால்தான் பெயரைச் சொல்வதும் பெயரைத் துறப்பதும் அவருக்கு ஒன்றோடொன்று மோதவில்லை என்று தோன்றுகிறது.

சம்பந்தரின் இலம்பையங்கோட்டூர்ப் பதிகத்திலும் இதே உணர்வு உண்டு. தம் உரையைச் சிவன் தன் உரையாக ஆக்கிக்கொண்டான் என்கிறார் அவர்.

மாணிக்கவாசகரின் வரலாறு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவர் சொல்லச் சொல்ல ஈசனே ஏட்டில் எழுதினான் என்பது சைவ மரபு. தில்லையில் அந்த ஏட்டைக் கண்டவர்கள் பொருள் கேட்டார்கள். அவர் பதவுரை சொல்லவில்லை. சந்நிதிக்கு அழைத்துச் சென்று, கூத்தப்பெருமானைக் காட்டி, பொருள் இவரே என்றார், அங்கேயே கலந்துவிட்டார்.

நம்மாழ்வாரும் ஸ்ரீரங்கத்தில் இப்படிக் கலக்கிறார். இராப்பத்து விழாவின் நிறைவில் 'நம்மாழ்வார் மோட்சம்' நடக்கிறது. பத்து நாளாகத் திருவாய்மொழி ஓதி முடித்திருப்பார்கள். ஆழ்வாரின் திருமேனியை உற்சவர் நம்பெருமாளின் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுகிறார்கள். ஆழ்வார் மறைந்து, பச்சைக் குவியல் மட்டும் தெரிகிறது. பிறகு, உலகத்துக்காக ஆழ்வாரைத் திருப்பித் தந்தருள வேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பிக்கிறார்கள். துளசி விலகுகிறது.