நட்டவன் கடமை

மரம் நடுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. எந்த மரத்தை, எந்த மண்ணில், யாருக்காக நடுகிறோம் என்பதும் அறநெறி சார்ந்த வினாதானா? ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விரைவில் நிழலும் கண்ணுக்கு அழகும் தருமென்று சாலையோரங்களில் நடப்பட்ட, மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும் அமெரிக்கக் கண்டத்துத் தூங்குமூஞ்சி மரமும் பெருமளவில் வீழ்ந்தன. நாட்டு மரங்களும் முற்றிலும் தப்பவில்லை. அடிமரம்வரை சிமெண்ட் பூசி, குழாய்களுக்காகப் பள்ளம் தோண்டி வேரை அறுத்தால் வேம்பும் நிலைகொள்ளாது. முந்தைய ஆண்டு பெருவெள்ளம். 2019 கோடையிலோ குடிநீர் ஏரிகள் வறண்டன. வெப்பமடையும் உலகில் இன்று நடப்படும் கன்று வெள்ளம், புயல், வறட்சி மூன்றையும் தாங்கியாக வேண்டும்.

நல்ல நோக்கமே போதும் என்பார் உண்டு. புனித தோமா அக்குவினாஸ் அவ்வாறு கருதவில்லை. நன்மையை நாடுவதோடு, அதை அடையும் வழியைச் சரியாகத் தேரும் விவேகமும் வேண்டுமென்றார். அந்த விவேகமே மற்ற அறப்பண்புகளுக்கு வழிகாட்டி. மண்ணையும் மரத்தின் இயல்பையும் அறியாமல் நடுவது பாதி அன்பே.

ஆனால், வெயிலில் அமர்ந்து பூ விற்கும் ஏழைத் தாய் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க முடியுமா? அவரது தேவையும் நியாயமானதே. புங்கமும் பூவரசும் சில ஆண்டுகளிலேயே நிழல் தரும். அவற்றினிடையே புன்னையும் நாவலும் மெல்ல வளரட்டும். பல இனங்கள் கலந்து நின்றால், ஒரே நோயோ ஒரே புயலோ அனைத்தையும் அழித்துவிடாது.

தொடக்கநூலில் இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே. நாமோ விழா நாளில் கன்று நட்டு, நிழற்படம் எடுத்ததும் கலைந்துவிடுகிறோம். லூக்கா நற்செய்தியின் உவமையில் அத்திமரத்திற்காக ஓராண்டு தவணை கேட்ட தொழிலாளர் வெறுமனே பரிந்து பேசவில்லை; சுற்றிலும் கொத்தி எருவிட முன்வந்தார். இன்று நம் ஆலய வளாகங்கள் பலவற்றில் அப்படிக் கொத்துவதற்கு மண்ணே தென்படுவதில்லை. தூய்மையின் பெயரால் அனைத்தையும் கற்களால் மூடிவிட்டோம்.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் தலைமுறைகளுக்கிடையேயான நீதியை வலியுறுத்தினார். நாம் நடும் புன்னையின் முழுநிழலில் அமரப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. அவரும் நம் அயலாரே. அவருக்காக, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நான்கடி மண்ணையாவது மூடாமல் விட்டுவைப்போம்.