யாத்திரைக்கு ஒரு பை



ஆகஸ்டு 29-ந் தேதி வேளாங்கண்ணியில் திருவிழாக் கொடி ஏறும். கால்நடையாய்ப் போகிறவர்கள் மூட்டை கட்டுமுன் சுவிசேஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேசுநாதர் அப்போஸ்தலர்களை இருவர் இருவராய் அனுப்பினபோது, கைக்கோலும் பாதரட்சையும் போதும், அப்பமும் பையும் பணமும் இரண்டாம் அங்கியும் வேண்டாம் என்று கட்டளையிட்டார் (மாற்கு 6). வெறுங்கையாய்ப் போகிறவன் பிறர் வாசலில் நின்று கேட்கவேண்டும். தாழ்ச்சி அங்கேதான் பழகும்.

ஆளுக்கு ஒரு பை போதும்: மாற்றுடை ஒன்று, போர்வை, துண்டு, மருந்து, தண்ணீர், ஜெபமாலை. தன்னால் சுமக்கக்கூடியதையே ஒவ்வொருவரும் எடுக்கட்டும். இல்லையேல், ஆண்களே, மூன்றாம் நாள் உங்கள் மூட்டை மனைவியின் தலையில் ஏறும். தோள் இலேசாயிருந்தால், வழியில் தளர்ந்துபோன ஒரு கிழவியின் மூட்டையை வாங்கிச் சுமக்கலாம். தேவமாதா அதைக் காணிக்கையாக ஏற்றுக்கொள்வாள்.

— பங்குச் சுவாமியார்