சாட்சி இல்லாத கடமை

நோய் தீர்த்தவருக்கு நன்றி உண்டு. நோய் வராமல் தடுத்தவருக்கு? பிழைத்தெழுந்தவன் மருத்துவரைக் கைகூப்பி வணங்குகிறான். நோயே அணுகாதவனோ, தன்னைக் காத்தவர் ஒருவர் உண்டென்பதையே அறியாமல் கடந்து செல்கிறான். சுகாதார ஆய்வாளரின் வாழ்வு இந்த அறியாமையின் நடுவே நடைபெறும் தொண்டு.

பூந்தமல்லியை அடுத்து, பெங்களூரு நெடுஞ்சாலையின் மருங்கே உள்ளது நசரத்பேட்டை. சிற்றூராய் இருந்த அது, சென்னை விரிய விரியப் புறநகராகி வருகிறது. வீடு பெருகினால் தொட்டி பெருகும். தொட்டி பெருகினால் கொசுவும் பெருகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. மூடாத தொட்டியின் நல்ல நீரிலும், வீசியெறிந்த கொட்டாங்கச்சியிலும், பழைய டயரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே ஆய்வாளரும் அவர்தம் பணியாளர்களும் வாரந்தோறும் வீடுவீடாய் ஏறி இறங்க வேண்டும். குழாய் நீரையும் சோதிக்க வேண்டும்; லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் அதில் எஞ்சியிருத்தல் வேண்டும்.

சோதிக்காமலே 'சோதித்தேன்' என்று பதிவேட்டில் எழுதினால் என்ன ஆகும்? இன்று ஒன்றும் ஆகாது. நாளையும் ஆகாமல் இருக்கலாம். செய்தால் புகழில்லை, செய்யாவிட்டால் உடனே பழியுமில்லை. பின் எதற்காகச் செய்வது?

'ஆண்டவன் பார்க்கிறான்' என்பது பழைய விடை. அவ்விடை நம்மைக் காத்ததா? பெரியம்மையை மாரியின் சினம் என்றோம். வேப்பிலை கட்டினோம், கூழ் ஊற்றினோம், அம்மை குத்த வந்த ஊழியரைக் கண்டு குழந்தையை ஒளித்தோம். போயிற்றா அம்மை? 1796 இல் ஜென்னர் காட்டிய வழியில், வெயிலென்றும் மழையென்றும் பாராது தெருத்தெருவாய் நடந்த கால்களால் அன்றோ போயிற்று! 1975 இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டது. 1980 இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மனுக்கு இன்றும் விழா உண்டு. அந்த ஊழியர்களின் பெயர் எந்த வீட்டில் நினைவிருக்கிறது?

பகுத்தறிவு தரும் விடை வேறு. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அஞ்ச வேண்டாம். கீழே குவளை ஏந்தும் கையை எண்ணினால் போதும். அக்கை எச்சாதியினது, எம்மதத்தினது என்று ஆய்வாளர் அறியார்; அறியவும் வேண்டுவதில்லை. முகம் தெரியாதவனுக்கும் உண்மையாயிருப்பதே அறத்தின் உயர்ந்த படி.

எனினும், அறத்தின் சுமை முழுவதையும் அவர் தோளிலேயே ஏற்றிவிட்டு நாம் கைவீசி நடப்பது முறையா? சென்னை மாகாணத்தில் 1939 இல் பிறந்த பொதுச் சுகாதாரச் சட்டம், வீட்டினுள் புகுந்து ஆய்வு செய்யும் அதிகாரத்தைத் தந்தது. அந்த அதிகாரம் குடிசைக்காரனின் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, மாளிகையின் மாடித் தொட்டிக்கு முன் மட்டும் தயங்கி நிற்குமானால், குற்றம் யாருடையது? தயங்கியவருடையது, செல்வாக்கைக் காட்டித் தடுத்தவருடையதுமாகும்.

நோய் பரவிய ஆண்டில், 'எங்கே போனார் ஆய்வாளர்?' என்று சீறுகிறோம். பரவாத ஆண்டில், 'இவருக்கு எதற்குச் சம்பளம்?' என்று சிரிக்கிறோம். சிரிப்பவர் தம் வீட்டினுள் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். காய்ச்சலின்றி உறங்கும் குழந்தை விடை சொல்லும். அடுத்த முறை அவர் வந்து நின்றால், மாலை வேண்டாம். கதவைத் திறப்போம், தொட்டியைக் காட்டுவோம்.