தொட்டிலை ஆட்டும் கடன் யாருடையது?

காலை எட்டு மணி. ஹைதராபாத் நகரின் மேற்கே மாதாப்பூர், கொண்டாப்பூர், கச்சிபௌலி ஆகிய பகுதிகளின் சாலைகள் வாகனங்களால் நிரம்பத் தொடங்குகின்றன. 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பிறகு வளர்ந்தோங்கிய கணினித் துறையின் பெருநகரம் இது. இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அன்றாடம் நிகழக்கூடிய ஒரு காட்சியை மனக்கண்ணால் காண்போம்.

கணினி நிறுவனத்தில் பணிபுரியும் இளம் தாய் ஒருத்தி, தன் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகம் புறப்படுகிறாள். குழந்தை அழுகிறது. தாயின் கண்களும் கலங்குகின்றன. பணிப்பெண் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, காக்கையையும் குருவியையும் காட்டி அழுகையை ஆற்றுகிறாள். பாலமூர் என்று மக்கள் அழைக்கும் மகபூப்நகர்ப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவள் அவள். அவளுக்கும் அதே வயதில் ஒரு குழந்தை உண்டு. அது எங்கே? தகரக் கொட்டகை ஒன்றில், பத்து வயது நிரம்பாத தன் அக்காளின் பொறுப்பில் இருக்கிறது. அக்காள் இன்று பள்ளிக்குச் செல்லவில்லை.

முதல் தாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்து குழந்தைக்குப் பாதுகாப்பைப் பெறுகிறாள். இரண்டாம் தாய் தன் குழந்தையைப் பிரிந்து அந்தச் சம்பளத்தைப் பெறுகிறாள். கணக்கின் கடைசி வரியில் நிற்பவளோ அந்தச் சிறுமி. அவள் தன் படிப்பைத் தந்து மீதியைச் செலுத்துகிறாள். இம்மூவரில் யாரும் தவறு செய்யவில்லை. ஆயினும் எங்கோ ஓர் அநீதி நிகழ்ந்திருக்கிறது. அந்த அநீதிக்குப் பொறுப்பு யாருடையது? குழந்தையைப் பேணும் கடன் பெற்றோரோடு முடிந்துவிடுகிறதா? சமுதாயத்திற்கும் அரசுக்கும் அதில் பங்கு உண்டா?

பூர்வபட்சம்

நம் நாட்டுத் தத்துவ மரபில், ஒரு முடிவை நிறுவும் முன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது வழக்கம். இங்கும் அவ்வாறே செய்வோம்.

முதல் வாதம் இது: ‘குழந்தை வேண்டும் என்று விரும்பியவர்கள் பெற்றோர். அதன் மழலையில் மகிழ்பவர்களும் அவர்களே. இன்பம் அவர்களுக்கு, செலவு ஊராருக்கு என்பது என்ன நியாயம்? குழந்தையற்றவரின் வரிப்பணத்தில் மற்றவரின் குழந்தையை ஏன் வளர்க்க வேண்டும்?’

இரண்டாம் வாதம் இன்னும் ஆழமானது: ‘தாயன்பை அரசு தர முடியுமா? காப்பகங்கள் பெருகினால் குடும்பம் தேயும். குழந்தை வளர்ப்பு ஓர் அரசாங்க அலுவலாகிவிடும்.’ இந்த அச்சம் உலகின் பெரிய நாடொன்றின் போக்கையே தீர்மானித்தது. 1971 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நாடு தழுவிய குழந்தைகள் காப்பகத் திட்டம் ஒன்றை நிறைவேற்றி அனுப்பியது. அது குடும்பம் சார்ந்த வளர்ப்பைப் பின்னுக்குத் தள்ளி, கூட்டு வளர்ப்பு முறைக்கு அரசின் தார்மிக ஆதரவைத் தந்துவிடும் என்று கூறி அதிபர் நிக்ஸன் அதை நிராகரித்தார்.

இவ்விரு வாதங்களையும் எள்ளி ஒதுக்குவது சரியன்று. இரண்டிலும் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதே நம் ஆராய்ச்சி.

கடன் என்னும் சொல்

நம் முன்னோர் மனிதனைக் கடன்பட்டவனாகவே கண்டனர். தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, பித்ருக்களுக்கு என மூன்று கடன்களோடு அவன் பிறக்கிறான் என்கிறது வேத மரபு. இவற்றுள் ரிஷிகளின் கடனும் பித்ருக்களின் கடனும் தீர்க்கப்படும் முறை கருதத்தக்கது. ரிஷிகளிடம் பெற்ற அறிவை அவர்களுக்கே திருப்பித் தர இயலாது. கற்று, அடுத்து வருபவருக்குக் கற்பிக்கவே இயலும். முன்னோர் தந்த வாழ்வையும் அவர்களிடமே திருப்பிச் சேர்க்க முடியாது. அடுத்த தலைமுறையை வாழச் செய்துதான் அக்கடனைத் தீர்க்க வேண்டும். பெற்ற இடம் ஒன்று, செலுத்தும் இடம் வேறொன்று.

இப்போது முதல் வாதத்திற்கு வருவோம். குழந்தையற்ற ஒருவர் முதுமையில் நோயுறுகிறார். அவருக்கு மருந்து தரும் மருத்துவர் யாரோ ஒரு தாய் வளர்த்த குழந்தை. அவருக்குச் சோறிடும் உழவர், அவர் பயணம் செய்யும் பேருந்தின் ஓட்டுநர், அவரது ஓய்வூதியத்திற்கு வரி செலுத்துபவர் என அனைவரும் அப்படியே. ஆகவே குழந்தையால் வரும் பயன் பெற்றோரோடு நிற்பதில்லை. பயன் பொதுவாகவும் செலவு மட்டும் தனியாகவும் இருப்பது நியாயம் ஆகாது.

ஆனால் இந்த விடையோடு நின்றுவிடுவதும் ஆபத்து. பயன் தருவதால்தான் குழந்தையைப் பேண வேண்டும் என்றால், நாளை எந்தப் பயனும் தர இயலாத நோயுற்ற குழந்தையை என்ன செய்வது? குழந்தை ஒரு முதலீடு அன்று. தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத ஓர் உயிர் நம் முன் இருக்கிறது என்பதே கடமைக்குப் போதுமான காரணம். பயன் பற்றிய கணக்கு கணக்குப் பார்ப்பவர்களுக்குச் சொல்லும் பதில். அறம் அதற்கும் முந்தியது.

அரசின் பங்கும் நம் மரபுக்குப் புதியதன்று. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாடல் ஒன்று, ஒரு மகனை ஆளாக்கும் கடமையைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் எனப் பலருக்கும் பிரித்துத் தருகிறது. பெற்றவளோடு அக்கடமை முடிவதில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும், ஆதரவற்ற குழந்தைகளையும் முதியோரையும் பேணுவதை அரசனின் கடமைகளுள் வைக்கிறது.

அன்பு வேறு, அவகாசம் வேறு

இரண்டாம் வாதத்திலுள்ள உண்மையை ஏற்போம்: அரசால் அன்பைத் தர முடியாது. ஆனால் அன்பு செலுத்துவதற்கான அவகாசத்தைத் தர முடியும். பிரசவித்த பத்தாம் நாள் செங்கல் சுமக்கச் செல்லும் தாய்க்கு அன்பில் குறைவில்லை. அவளுக்கு இல்லாதது அவகாசமே.

காப்பகம் எதுவானாலும் போதும் என்பதும் தவறு. கனடாவின் கியூபெக் மாநிலம் 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கியது. தாய்மார்கள் பெருமளவில் வேலைக்குச் சென்றனர். ஆனால் குழந்தைகளின் நடத்தையிலும் நலத்திலும் பாதகமான மாற்றங்கள் தென்பட்டதாகப் பொருளியல் அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. எண்ணிக்கை பெருகும் வேகத்தில் தரமும் பெருகவில்லையெனில் குழந்தையே அதன் விலையைக் கொடுக்கும் என்பது இதிலிருந்து பெறும் எச்சரிக்கை.

அவகாசம் தாய்க்கு மட்டும் உரியதா? ஸ்வீடன் 1974இலேயே பேறுகால விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக மாற்றியது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. தந்தையின் பங்கைப் பேசாமல் தாயின் தியாகத்தை மட்டும் புகழ்வது அரைகுறையான தர்மமே.

சட்டம் தந்ததும் தராததும்

1961இல் இயற்றப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம் பன்னிரண்டு வார விடுப்பைத் தந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முதல் இரண்டு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரங்களாக உயர்த்தியது. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை குழந்தையைச் சென்று காணலாம் என்றும் அது விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவ்விதிகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

நல்ல சட்டம். ஆயினும் மூன்று கேள்விகள் எழுகின்றன.

ஒன்று, செலவை ஏற்பவர் யார்? தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வருபவர்களுக்குப் பொது நிதியம் தருகிறது. வரம்புக்கு மேற்பட்டவர்களுக்கு முழுச் சம்பளத்தையும் நிறுவனமே தர வேண்டும். பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு கூடும் என்று எண்ணும் முதலாளி, பெண்ணையே தவிர்க்கத் தூண்டப்படுகிறார். தாய்க்குத் தரும் பாதுகாப்பு பெண்ணுக்கு எதிரான மதிலாகிவிடக் கூடாது என்பதனால்தான், அச்செலவைத் தனி முதலாளியின் தலையில் ஏற்றாமல் காப்பீட்டின் வழியாகவோ பொது நிதியின் வழியாகவோ பகிர வேண்டும் என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை பொது விதியாக வைத்தது.

இரண்டு, ஐம்பது பேர் இல்லாத இடத்தில் வேலை செய்பவளுக்கு என்ன வழி? வீட்டு வேலை செய்பவளுக்கும், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவளுக்கும், துணை ஒப்பந்ததாரரின் கீழ் மணல் சலிப்பவளுக்கும் அந்த எண் ஒருபோதும் எட்டாது. சம்பள வரம்புகளுக்கு அப்பால் வாழும் ஏழைத் தாய்க்குப் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. ஒருத்திக்கு இருபத்தாறு வாரச் சம்பளம், மற்றவளுக்கு ஐயாயிரம் ரூபாய். பிரசவ வேதனை இருவருக்கும் ஒன்றுதானே!

மூன்று, பேறுகாலம் முடிந்து பள்ளி தொடங்கும் வரை என்ன செய்வது? 2002இல் நிறைவேறிய எண்பத்தாறாம் அரசியல் சாசனத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களின் பராமரிப்பையும் கல்வியையுமோ, ‘அரசு முயலும்’ என்ற நெறிகாட்டும் கோட்பாடாகவே நிறுத்திக்கொண்டது. உரிமைக்கும் முயற்சிக்கும் இடையேயான அந்த இடைவெளியில்தான் தகரக் கொட்டகையின் குழந்தை உட்கார்ந்திருக்கிறது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அந்த இடைவெளியை நிரப்ப எழுந்த பெருமுயற்சி. அதன் அங்கன்வாடிகள் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு உணவும் தடுப்பூசியும் சேரத் துணை நின்றன. ஆனால் பெரும்பாலான மையங்கள் இயங்குவது சில மணி நேரமே. தாயின் வேலையோ எட்டு மணி நேரம். மேலும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சத்துணவு வீட்டுக்கு வருகிறதே தவிர, பகலில் பார்த்துக்கொள்ளும் கை வருவதில்லை. 2022 முதல் ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் திட்டம் நடைபெறுகிறது. திசை சரியானது, அது செல்ல வேண்டிய தொலைவு நெடியது.

இருவர் காட்டிய வழி

1969ஆம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு. தில்லியில் அதற்கான கண்காட்சி வளாகம் எழுந்துகொண்டிருந்தது. கடையருக்கும் கடைத்தேற்றம் வேண்டும் என்றவருக்கு எழுப்பிய அந்த வளாகத்திலேயே, கட்டடத் தொழிலாளர்களின் சிசுக்கள் வெயிலிலும் தூசியிலும் கிடந்தன. அதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். ‘மொபைல் க்ரெஷஸ்’ அமைப்பு அவ்வாறு பிறந்தது. தொழிலாளர் இடம்பெயர்ந்தால் காப்பகமும் அவர்களோடு இடம்பெயரும்.

ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் பொதுவான மற்றொரு பெயர் துர்காபாய் தேஷ்முக். ராஜமுந்திரியில் பிறந்த அவர் 1937இல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவை நிறுவினார். பின்னர் அதன் பணிகள் ஹைதராபாத்திலும் வேரூன்றின. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த அவர், 1953இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். தொண்டு நிறுவனங்களின் உள்ளன்பையும் அரசின் நிதியையும் இணைப்பதே அவ்வாரியத்தின் அடிப்படை. 2022இல் வாரியம் மூடப்பட்டது. ஆனால் அந்த இணைப்பில் அடங்கிய தத்துவம் மூடப்பட வேண்டியதில்லை. அரசு தனித்து நின்றால் காப்பகம் வெறும் கட்டடமாகும். தொண்டு தனித்து நின்றால் சில நூறு குழந்தைகளோடு நின்றுவிடும்.

யாருடைய தியாகம்?

இறுதியாக, நாம் எளிதில் கடந்துவிடும் ஒருவரை நினைவுகூர வேண்டும். அவர் அங்கன்வாடிப் பணியாளர். மத்திய அரசு 2018 அக்டோபரில் அவருக்கான மாத மதிப்பூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. ‘சம்பளம்’ என்ற சொல் ஏன் இல்லை? அவர் செய்வது கௌரவத் தொண்டு என்று வகுத்திருப்பதால். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் தெலங்கானாவின் அங்கன்வாடிப் பணியாளர்கள் ஊதிய உயர்வு முதலிய கோரிக்கைகளோடு வேலை நிறுத்தம் செய்தனர்.

சேவை என்பதும் தியாகம் என்பதும் உயர்ந்த சொற்கள். அவற்றின் உயர்வு, மனிதன் தானே விரும்பி ஏற்பதில் இருக்கிறது. தன் உணவைப் பிறருக்குத் தருபவன் தியாகி. பிறர் உணவைக் குறைத்துவிட்டு, ‘நீ தியாகி’ என்று அவரைப் புகழ்பவன் தியாகத்தின் பெயரைத் திருடுகிறான். கொட்டகையில் தம்பியை மடியில் வைத்திருக்கும் சிறுமியையும், பேரக்குழந்தைகளுக்காக முதுகு வளையும் பாட்டியையும், குறைந்த மதிப்பூதியத்தில் பல குழந்தைகளைப் பார்க்கும் பணியாளரையும் புகழ்ந்துவிட்டு நகரும் சமுதாயம் தன் கடனைத் தீர்த்துவிட்டதாகக் கருதலாகாது.

ஆகவே சித்தாந்தம் இது. அன்பு பெற்றோரின் கடன். அதை எவருக்கும் கைமாற்ற முடியாது. அந்த அன்பு நிகழ்வதற்கான அவகாசமும், பாதுகாப்பான இடமும், பார்த்துக்கொள்பவருக்குரிய நியாயமான ஊதியமும் சமுதாயத்தின் கடன். அதை அரசின் வழியாகவே எல்லோருக்கும் கொண்டுசேர்க்க இயலும். நிதி அளவானது என்றால், முதல் ரூபாய் கடைசி வரியில் நிற்கும் குழந்தைக்குச் செல்லட்டும். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தட்டும்.

அதுவரை தனி மனிதனால் இயன்றது ஒன்று உண்டு. நம் வீட்டுக் குழந்தையை இடுப்பில் ஏந்தும் பெண்ணிடம், ‘அம்மா, உன் குழந்தை இந்நேரம் யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்பது. கேட்ட பிறகு, வரும் பதிலைக் கேளாதது போல் இருந்துவிடாமலிருப்பது. அறம் அந்தக் கேள்வியில் தொடங்குகிறது. அந்தச் சிறுமி புத்தகப் பையோடு பள்ளி வாசலை மிதிக்கும் காலையில்தான் அது நிறைவு பெறும்.